பூஜையில் வைத்த டிஸ்க்

கம்ப்யூட்டருக்கு நான்கு டிஸ்க் வாங்குவதாக இருந்தால் நான்கையும் ஒரே கடையில் வாங்கக் கூடாது, சார். சின்ன விஷயம்தான், ஆனால் இந்தத் திருவனந்தபுரத்தில் இது தெரிந்த ஆட்கள் மிகக் குறைவு. ஒரே பெட்டியில் வந்திறங்கும் டிஸ்குகள் ஒரே இயந்திரத்தில் ஒரே வேளையில் பிறந்தவை. ஒன்று சாகிற சமயத்தில் மற்றதும் சாகத் தயாராக இருக்கும். அதனால் இரண்டை இங்கே ஸ்டாச்சூ ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் வாங்கினேன், இரண்டைச் சென்னையிலிருந்து வரவழைத்தேன். ஸ்டாச்சூ கடைக்காரன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "எல்லாம் ஒண்ணுதன்னே சாரே" என்றான். அவனுக்கு டிஸ்கும் ஒன்றுதான், தேங்காயும் ஒன்றுதான்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த ஸ்டேஷனில் நீங்கள் எழுதிய ரிப்போர்ட்டின் நகலை எங்கள் வக்கீல் கொண்டுவந்து காட்டினார். மலையாளம் நன்றாகவே எழுதுகிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி வருகிறது. 'மூத்த சகோதரன் மகேஷ்குமார் வீட்டில் அமைத்துக் கொடுத்த டிஸ்க் அமைப்பு சரியில்லாமல் பழுதானதால், மனமுடைந்த இளையவன் தங்கபாண்டி பொன்முடி ரோட்டில் கவனமின்றி பைக் ஓட்டி இறந்தான்.' எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அந்த வரி தவறு. அதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன், வேறு எதற்கும் இல்லை.

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறிவிடும். நீங்கள் எழுதிக்கொள்கிற வேகத்துக்குத் தகுந்தபடி மெதுவாகவே சொல்கிறேன்.

எங்கள் வீடு ஆரியசாலையில் இருக்கிறது. அப்பா பிச்சைக்கனி அங்கே சாக்கும் கயிறும் மொத்தமாக விற்றவர். அவர் காலத்துக்குப் பிறகு கீழே கடையை வாடகைக்கு விட்டுவிட்டு மாடியில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம்: அம்மா ஆவுடைத்தாய், நான், தம்பி பாண்டி. அம்மாவுக்கு வலது கண் கிடையாது. அப்பாவோடு கடையில் உட்கார்ந்து சாக்கு தைத்த காலத்தில் கோணி ஊசி பட்டுப் போய்விட்டது. நாங்கள் சண்டை போடும்போதெல்லாம் அம்மா ஒரு வாக்கியத்தைத்தான் எடுப்பாள். "ஒத்தைக் கண்ணும் கண்ணில்ல, ஒத்தைப் புள்ளையும் புள்ளையில்ல. ரெண்டு வேணும்னுதானே உங்களப் பெத்தேன், பின்ன எதுக்குலே அடிச்சுச் சாவுதிய?" எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆனால் என் தொழிலின் அடிப்படை அந்த ஒரு வரிதான். எதிலும் இரண்டு இருக்க வேண்டும்.

என் தொழிலைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்க வழியில்லை. கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் நான் ஸ்டோரேஜ் பார்க்கிறேன். அதாவது அங்கே வேலை செய்கிற அத்தனை மேதாவிகளும் எழுதுவதைப் பத்திரமாக வைத்திருப்பது என் பொறுப்பு. வருடம் முழுக்க ஒன்றும் கெடாமல் ஓடினால் எவனும் நன்றி சொல்வதில்லை. ஒரு மணி நேரம் நின்றால் போதும், முதலாளி வரைக்கும் என் பெயர் தெரிந்துவிடும். பெண் பார்க்கப் போன வீடுகளில் என்ன வேலை என்று கேட்பார்கள். விளக்கமாகச் சொல்வேன். கடைசியில் பெண்ணின் மாமா ஒருவர் திரும்பி மற்றவர்களிடம், "கம்ப்யூட்டர் ரிப்பேருக்குப் போறாராம்" என்பார். நான்கைந்து இடத்தில் கேட்ட பிறகு நானே பெண் பார்க்கப் போவதை நிறுத்திவிட்டேன்.

பாண்டியின் கதை வேறு. அவனும் கம்ப்யூட்டர்தான் படித்தான், என்னைவிடக் குறைந்த மார்க். எந்தக் கம்பெனியிலும் ஒழுங்காக இருந்ததில்லை. வீட்டில் உட்கார்ந்து கடைகளுக்கு பில் போடுகிற ஒரு புரோகிராம் எழுதினான். தமிழிலும் மலையாளத்திலும் பில் வரும். மிளகாய்வத்தல் கடைக்காரன் முதல் பாத்திரக்கடைக்காரன் வரை எங்கள் சாலைக் கடைத்தெருவில் பாதிப் பேர் அதைப் போட்டுக்கொண்டார்கள். ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு காலத்துக் கம்ப்யூட்டர், சிலது அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டியது. எல்லாவற்றிலும் ஓட வேண்டுமானால் எல்லாவற்றையும் வீட்டில் வைத்துச் சோதிக்க வேண்டும். அதற்கு ஒரு வழி உண்டு. ஒரே பெட்டிக்குள் பல கம்ப்யூட்டர்கள் இருப்பதாகப் பாவனை செய்யலாம். வர்ச்சுவல் மெஷின் என்பார்கள். ஒண்டுக் குடித்தனம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு வீடு, உள்ளே பல குடும்பம், ஒருவர் சட்டியை ஒருவர் தொடுவதில்லை.

இரண்டாயிரத்து ஏழில் அவன் என்னிடம் வந்தான். "அண்ணே, பெட்டிய நான் வாங்கிக்கிடுதேன். டிஸ்க் மட்டும் நீ வச்சுத் தா. வேகமாவும் இருக்கணும், போகவும் கூடாது. அது போச்சுன்னா என் உசுரு போச்சு, கேட்டியா" என்றான். சும்மா சொல்கிற பேச்சு அப்போது.

நான் செய்ததை ஒழுங்காக எழுதிக்கொள்ளுங்கள், உங்கள் வரி இதைப் பற்றியதுதான். முதலில் ஒரு நல்ல ரெய்டு கார்டு. நிமிர்ந்து உட்காராதீர்கள், இது உங்கள் ரெய்டு இல்லை. டிஸ்குகளைச் சேர்த்துக் கட்டி மேய்க்கிற அட்டை அது. கரண்ட் போனாலும் கையில் இருப்பதை மறக்காமலிருக்க அதற்கே ஒரு பேட்டரி. பிறகு நான்கு டிஸ்க், இரண்டு ஜோடி. ஒரு ஜோடியில் இரண்டும் ஒரே விஷயத்தை எழுதும், ஒன்று போனால் மற்றது இருக்கும். ஸ்டாச்சூ டிஸ்கை ஸ்டாச்சூ டிஸ்கோடு சேர்க்கவில்லை. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று ஸ்டாச்சூ, ஒன்று சென்னை. எழுதுவதைப் பாதி இந்த ஜோடிக்கும் பாதி அந்த ஜோடிக்கும் பங்கு போட்டுக் கொடுத்தால் வேகம் தானாக வரும். மூன்று டிஸ்கை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டு ஒப்பேற்றுகிற ஒரு முறை உண்டு, கஞ்சர்கள் அதைத்தான் செய்வார்கள். ஆனை வாங்கினவன் அங்குசத்துக்கு யோசித்த கதை. அதில் இத்தனை குடித்தனத்தை வைத்தால் ஒவ்வொன்றும் மூச்சுத் திணறும்.

இது தவிர ஐந்தாவதாக ஒரு டிஸ்க். அது எதையும் எழுதாது. கரண்ட் வாங்கிக்கொண்டு சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். நான்கில் ஏதாவது ஒன்று செத்தால் அந்த இடத்துக்கு அதுவாகவே போய் உட்கார்ந்துகொள்ளும். வெளியே ஒரு குட்டிப் பெட்டியில் ஆறாவது டிஸ்க். வாரம் ஒரு முறை எல்லாவற்றையும் அதில் பிரதி எடுத்துக் கழற்றி வைத்துவிட வேண்டும். ஏனென்றால் ஜோடி என்பது வேறு, பிரதி என்பது வேறு. ஜோடியில் ஒன்றை அழித்தால் மற்றதும் விசுவாசமாக அழித்துக்கொள்ளும். இந்த வித்தியாசத்தைப் படித்தவர்களுக்கே இருபது தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. பாண்டிக்கும் சொன்னேன். பிரதியை வேறொரு வீட்டில் வைக்க வேண்டும் என்றும் சொன்னேன். "நம்ம வீட்டுக்கு என்னண்ணே வரப்போகு" என்றான்.

அந்தப் பெட்டி ஒரு வருடத்துக்கு மேல் கோளாறு என்று ஒரு நொடி நிற்கவில்லை. வைத்த நாளோடு அதை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

அடுத்த வருடம் கொச்சியிலிருந்து ஒரு கம்பெனி பாண்டியின் புரோகிராமைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தது. அந்தக் கம்பெனியின் ஆள் ஒருவர், வெள்ளைச் சட்டை, வாசனைத் தைலம், எங்கள் மாடிப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார். அவர்கள் புரோகிராமின் மூலத்தோடு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, பாண்டியைத் தலைவனாக வைத்துக் கேரளம் முழுக்க விற்பதாக ஏற்பாடு. கடைகளில் ஓடுவது சமைத்த சோறு, சார். எப்படிச் சமைப்பது என்பது மட்டும் எங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தது. அவனுடைய லேப்டாப்பில்கூட ஒன்றும் கிடையாது, அது பெட்டிக்குள் எட்டிப் பார்க்கிற ஜன்னல்தான். விஜயதசமி கழிந்த வாரத்தில் முழுவதையும் ஓட்டிக் காட்டி ஒப்படைக்க வேண்டும். அது நடந்தால், பாண்டி விரும்பிய விழிஞ்ஞத்துப் பெண் ஜெபமலரின் அப்பா கல்யாணத்துக்குத் தேதி குறிப்பதாகச் சொல்லியிருந்தார். வேதக்காரப் பெண், சர்ச்சுக்குப் போகிறவள். நான் அப்படி ஒரு பெண்ணைக் கொண்டுவந்திருந்தால் அம்மா தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். பாண்டி கொண்டுவந்ததும், "சிரிச்ச முகமா இருக்கா" என்றாள். மூத்தவன் நான் இருக்கும்போது இளையவனுக்கு முகூர்த்தம் பார்ப்பதைப் பற்றி அந்த வீட்டில் யாருக்கும் நாக்கு கூசவில்லை.

கொச்சிக்காரர் பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். விளக்குகளை எண்ணிக்கொண்டே வந்தவர் ஐந்தாவதைத் தொட்டு, இது என்ன செய்யும் என்று கேட்டார். பாண்டி சிரித்தான். "அது சும்மா கெடக்கும் சாரே. மத்தது ஏதாவது செத்தா உள்ள வரும். எங்க அண்ணன் மாதிரி."

அவர் சிரித்தார். ஜெபமலர் அன்று வந்திருந்தாள், அவளும் சிரித்தாள். காபி கொண்டுவந்த அம்மா, விஷயம் புரியாமலே சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் ஞாபகம்.

பிறகு அவர், எல்லாம் சரி, இது மொத்தமாகக் கேடாகிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். "அது போகாது சாரே. எங்க அண்ணன் வச்சதாக்கும்" என்றான் பாண்டி. அதையும் அதே சிரிப்போடுதான் சொன்னான், ஏதோ ஓடைக்குழாய் பதித்தவனைப் பற்றிச் சொல்வதுபோல.

நான் கோபப்பட்டேன் என்று எழுதாதீர்கள். கோபம் சின்ன ஆட்களுக்கு வருவது. எனக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது, அவ்வளவுதான். இந்த வீட்டில் ஒரு பொருள் இல்லாமல் போனால்தான் அதன் அருமை தெரியும். ஒரே ஒரு நாள் இல்லாமல் போகட்டும். எல்லோரும் அலறிக்கொண்டு என்னிடம் வரட்டும். மறுநாள் நான் எடுத்துக் கொடுக்கிறேன். அந்தக் கொச்சிக்காரர் முன்னால் தம்பியே சொல்லட்டும், அண்ணன் இல்லாவிட்டால் போயிருக்கும் என்று. ஒரு வாத்தியார் பையனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதைவிட இதில் அதிகக் கெடுதல் ஒன்றும் இல்லை.

எப்போது செய்வது என்பதில்தான் சிக்கல். பெட்டி நிற்பதே இல்லை, பாண்டி பக்கத்தை விட்டு நகர்வதே இல்லை. பிரதி எடுத்த குட்டிப் பெட்டி அவன் மேஜை டிராயரில் கிடக்கும். ஆனால் எங்கள் தெருவில் வருடத்துக்கு ஒரு நாள் எல்லாம் நிற்கும். உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆயுத பூஜைக்கு வைத்துவிட்டால் விஜயதசமி காலையில் எடுக்கும் வரை தராசுகூட ஆடாது. எழுதுகிறவன் பேனாவைத் தொட மாட்டான். அம்மா இதில் கறார். "வேலை செய்யுத சாமான் எல்லாம் வைக்கணும் மக்கா. பெரிய பெட்டிய நிப்பாட்டு. அந்தக் குட்டிப் பெட்டியையும் கொண்டா" என்றாள். பாண்டி, "அதுக்கும் லீவாம்மா" என்று கிண்டல் செய்துகொண்டே கொண்டுவந்து கொடுத்தான். அன்று காலைதான் கொச்சிக்காரருக்காக முழுப் பிரதி எடுத்து முடித்திருந்தான். கரண்டில் ஓடுவதையும் அதன் பிரதியையும் சேர்த்து ஒரே பலகையில், ஒரே நாளில், தொடக் கூடாது என்று விதித்து வைக்கிற புத்தி எங்கள் தெருவில் மட்டும்தான் உண்டு. நான் வாயைத் திறக்கவில்லை. என்னைக் கேட்கவும் இல்லை.

அம்மா எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து அதன் நடுவில் குங்குமம் வைத்தாள். நடுவில் என்பது பேச்சுக்குத்தான். ஒற்றைக் கண்ணால் பார்த்து வைப்பதால் அவள் வைக்கிற பொட்டு எப்போதும் இடது பக்கம் ஒதுங்கியே நிற்கும். அப்பாவின் பழைய தராசு, அரிவாள்மனை, என் ஸ்க்ரூடிரைவர், அந்தக் குட்டிப் பெட்டி, எல்லாவற்றிலும் இடது பக்கம்தான்.

சாயங்காலம் தெருவே ஒவ்வொரு கடைப் பூஜைக்கும் போய்ப் பொரியும் கடலையும் வாங்கித் தின்னும். அம்மாவும் பாண்டியும் போனார்கள். கடைக்குக் கடை அவனைப் பிடித்து உட்கார வைத்துக்கொள்வார்கள், சீக்கிரம் வர மாட்டார்கள். எனக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன். பெட்டியைத் திறந்து ஸ்விட்சைப் போட்டேன். அட்டைக்கென்று திரையில் தனியாக ஒரு பக்கம் உண்டு, விண்டோஸ் எழுந்திருக்கும் முன்பே வரும். அங்கே எல்லா டிஸ்கையும் புதிதாக ஆக்கு என்று ஒரு கட்டளை. எல்லாம் அழிந்துவிடும், நிச்சயம்தானா என்று ஒரு முறை கேட்கும். மரியாதையான அட்டை. ஆம் என்றேன். நான்கும் பூஜ்யத்தை எழுத ஆரம்பித்தன, ஜோடி தவறாமல். அப்போதும் பாருங்கள், வேகத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. வெளியே பொரி தின்று முடிக்கும் முன் வேலை முடிந்தது.

முக்கியமானதைக் கவனியுங்கள். நான் பிரதி வைத்துக்கொள்ளாமல் எதையும் அழிப்பதில்லை. அது என் தொழில் தர்மம். பூஜைப் பலகையில் இருந்த குட்டிப் பெட்டியை எடுத்து, துண்டில் சுற்றி, என் பீரோவில் துணிக்கு அடியில் வைத்தேன். அதே கம்பெனி, அதே நிறத்தில் இன்னொரு குட்டிப் பெட்டி, உள்ளே டிஸ்க் செத்துப்போனது, ஆபீஸில் கிடந்தது, அதை முன்பே கொண்டுவந்திருந்தேன். அதைப் பலகையில் வைத்தேன். சந்தனக் கிண்ணம் அங்கேயே இருந்தது. சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, சுத்தமாக முடித்தேன்.

மறுநாள் காலை அம்மா தேங்காய் உடைத்துத் தீபம் காட்டி, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். குட்டிப் பெட்டியைக் கையில் எடுத்தவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு பாண்டியிடம் கொடுத்தாள். அவன் போய்ப் பெரிய பெட்டியின் ஸ்விட்சைப் போட்டான்.

"அண்ணே, ஒண்ணு வந்து பாரேன். பூஜை கூடிப் போச்சுன்னு தோணுது, இது எந்திரிக்க மாட்டேங்கு" என்றான். முதலில் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். குட்டிப் பெட்டியைச் சொருகினான். அது டிக் டிக் என்று சத்தம் போட்டது. அந்தச் சத்தம் என்னவென்று அவனுக்குத் தெரியும். முகத்திலிருந்து சிரிப்பு போவதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

மறுநாள் கொடுத்துவிடுவதாகத்தான் இருந்தேன். சத்தியமாக, சார். என்ன சொல்லிக் கொடுப்பது என்பதைக்கூட மனதில் எழுதி வைத்திருந்தேன். அவன் என் கையைப் பிடித்து, அண்ணே காப்பாத்து என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்று சாயங்காலமே கொடுத்திருப்பேன். அவன் என்ன கேட்டான் தெரியுமா? ரொம்ப மெதுவாக, எனக்கு வலிக்கக் கூடாது என்பதுபோல, "ஒண்ணும் நினைக்காதண்ணே. வைக்கும்போது எங்கயாவது ஏதாவது விட்டுப் போயிருக்குமோ?" என்றான்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாள், தெரியும். இங்கே பிரதியைப் பத்து அடிகூடத் தள்ளி வைக்காதவன், அதற்குச் சந்தனம் பூசி விளையாடியவன், என் வேலையைச் சந்தேகப்படுகிறான். அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு கொடுப்பதற்கு என்ன இருக்கிறது? "பாக்கேன்" என்று மட்டும் சொன்னேன். ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பெட்டியைக் கழற்றி மாட்டினேன். அவன் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தான்.

டிஸ்குகளை எல்லாம் எடுத்துக்கொண்டு அவன் சென்னைக்குப் போனான். அழிந்ததைத் தோண்டி எடுக்கிறோம் என்று போர்டு மாட்டியிருக்கிற ஆட்களிடம். அவர்கள் பார்த்துவிட்டு, குட்டிப் பெட்டி செத்தது செத்ததுதான், மற்றதெல்லாம் வெறும் பூஜ்யம் என்றார்கள். அதோடு விட்டிருக்கலாம். அமைத்தவர் அட்டையைச் சரியாகச் செட் பண்ணவில்லை போலிருக்கிறது, அதுவாகவே அழித்துக்கொண்டிருக்கிறது என்று ஒரு கருத்தும் சொல்லி அனுப்பினார்கள். என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அந்த நேரத்தில் பீரோவைத் திறந்து கொடுத்தால் நான் திருடன். கொடுக்காவிட்டால் முட்டாள். இரண்டில் எதைத் தாங்க முடியும் என்று அப்போது தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டேன். முட்டாள் பட்டம் இவ்வளவு கனக்கும் என்று நினைக்கவில்லை.

சென்னையிலிருந்து வந்த அன்று பாண்டி என் அறைக்கு வந்தான். நாற்காலியில் உட்காரவில்லை. பீரோவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தான். கொச்சிக்காரர் வேறு ஒருவரைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார் என்றான். ஜெபமலரிடம் இன்னும் சொல்லவில்லை என்றான். பிறகு அழுதான். சின்ன வயதில் அழுவதுபோலவே, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி. அவன் அழும்போது பீரோக் கதவு லேசாக ஆடிச் சத்தம் போட்டது. அவன் முதுகுக்கும் அந்த டிஸ்குக்கும் நடுவில் ஒரு தகரம்தான். "திரும்ப எழுத முடியாதுண்ணே. யோசிச்சா ஒண்ணுமே ஞாபகம் வரல" என்றான். மறுபடி எழுது, புத்தி இருந்தால் வரும் என்று சொன்னேன். நியாயமான யோசனைதான்.

போகும்போது வாசலில் நின்று, "நீ விசனப்படாத. உன் மேல ஒரு குத்தமும் இல்ல" என்றான். மன்னிக்கிறானாம். நான் செய்யாத தப்புக்கு அவன் என்னை மன்னிக்கிறான். செய்ததற்கு என்றால்கூடப் பரவாயில்லை, சார். என் அமைப்பில் கோளாறு இருந்தது என்று முடிவு கட்டி, அதை மன்னித்துவிட்டுப் போனான்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு பொன்முடிக்குப் போனான். ஐப்பசி மழை. மேலே போனவன் இறங்கி வரும்போது ஒரு வளைவில் திரும்பவில்லை. பிரேக் பிடித்த தடம் ரோட்டில் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பக்கத்தில் 'கவனமின்றி' என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதையும் வேண்டுமானால் திருத்திக்கொள்ளுங்கள். அவன் ரொம்பக் கவனமாக ஓட்டுகிறவன்.

சாவு வீட்டில் தெரு முழுக்க வந்தது. யாரும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. மிளகாய்வத்தல் கடைக்காரர் இன்னொருவரிடம், "மூத்தவன் வச்சுக் கொடுத்தது சொதப்பிப் போச்சாம். அதாக்கும் பையன் மனசு விட்டுட்டான்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. மிளகாய்க்கும் மல்லிக்கும் வித்தியாசம் தெரிவதே அவருக்குப் பெரிய படிப்பு. ஜெபமலர் என்னிடம் வந்து, "அண்ணே, உங்க மேல அவங்க உசுரா இருந்தாங்க" என்றாள். ஆபீஸிலும் விஷயம் பரவியது. புதிதாகச் சேர்ந்த ஒருவன், நான் அமைத்த டிஸ்குகளை ஒரு முறை சரிபார்க்கலாமா என்று மேலதிகாரியிடம் கேட்டானாம். இத்தனை வருடத்தில் என் கையால் ஒரு எழுத்து தொலைந்ததில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு அம்மா எனக்குச் சோறு போட்டாள். பாண்டிக்கு வைக்கிற தட்டில் போட்டாள், கவனப் பிசகாக இருக்கும். நான் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து, "மகேசு, நான் வச்ச பொட்டு என்னைக்குலே நேரா நின்னுருக்கு?" என்று கேட்டாள்.

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"அந்தக் குட்டிப் பெட்டியில மட்டும் நட்ட நடுவுல இருந்துச்சு. கோடு போட்டு வச்ச மாதிரி. நம்ம வீட்டுல அப்படி வைக்கத் தெரிஞ்சது ஒரு ஆளுதான்."

எனக்குப் புரையேறியது உண்மைதான், காரம் அதிகம். அம்மா தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். "தின்னு. ஒத்தைக் கண்ண வச்சுக்கிட்டுப் பாத்துப் பழகியாச்சு. ஒத்தைப் புள்ளைய வச்சுக்கிட்டும் பழகணும்" என்றாள். பிறகு ரசம் ஊற்றினாள். அன்றிலிருந்து தினமும் ஊற்றுகிறாள். என்னோடு வேறு எதுவும் பேசுவதில்லை. வயதாகிவிட்டது, பிள்ளை போன துக்கம், அன்று ஏதேதோ சொல்லிவிட்டாள். நீங்கள் அம்மாவை விசாரிக்க வேண்டாம். அவளுக்கு டிஸ்க் பற்றி ஒன்றும் தெரியாது.

ஆக, இதுதான் நடந்தது. டிஸ்க் அமைப்பில் கோளாறு இல்லை. இரண்டு ஜோடியும் சரி, அட்டையும் சரி, சும்மா சுற்றிக்கொண்டிருந்த ஐந்தாவது டிஸ்கும் சரி. அது தானாகப் பழுதாகவில்லை, நான் அழித்தேன். பிரதியையும் நான்தான் மாற்றினேன். தம்பி அழுதபோது அது என் பீரோவில் இருந்தது, அவனை எடுத்துக்கொண்டு போனபோதும் இருந்தது. கொலை என்று எழுத வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள், அது உங்கள் இலாகா, நான் தலையிட மாட்டேன். 'அமைப்பு சரியில்லாமல்' என்பதை மட்டும் அடித்துவிடுங்கள். என் கண் முன்னாலேயே அடியுங்கள்.

சாட்சி இல்லாமல் நம்ப மாட்டீர்கள் என்றுதான் இந்தத் துண்டையும் கொண்டுவந்தேன். பிரித்துப் பாருங்கள். ஜாக்கிரதை, பொட்டு உதிர்ந்துவிடப் போகிறது. இடது பக்கம் ஒதுங்கியிருக்கிறதல்லவா, அது அம்மா வைத்தது. உங்கள் ஆபீஸில் இருக்கிற எந்தக் கம்ப்யூட்டரில் சொருகினாலும் ஓடும். தம்பி கடைசியாக எழுதிய வரி வரைக்கும் இருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் முழுவதையும் சரிபார்க்கிறேன், சார். ஒன்றும் போகவில்லை.